மேல் பஞ்சமத்தில் விழுந்த ஓட்டை

உள்ளே போய் இரண்டு கதவுகளையும் சாத்திவிட்டு வந்தேன். சாத்தாவிட்டால் ஸ்பீக்கரின் சத்தம் மைக்குக்குள் திரும்பிப் போய் ஊளையிடும். அலமேலு டீச்சர் பின்கட்டில், மைக்குக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் செய்த ஸ்பீக்கர் வாசல் கூடத்தில் இருந்தது. நடுவில் முற்றம். அங்கே வடாம் காய்ந்துகொண்டிருந்தது. அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டி ஒயர் இழுத்திருந்தேன்.

மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்து. பங்குனி வெயில். கூடத்தில் நானும் காதர் பாயும் மட்டும். பாய் சைதாப்பேட்டையில் தகர வேலை செய்பவர். அவருடைய பட்டறையில்தான் அப்போது எனக்குப் படுக்கை. ஸ்பீக்கரைக் கைவண்டியில் ஏற்றி இருவருமாகத் தள்ளிக்கொண்டு வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

டீச்சர் மோகனத்தை ஆரம்பித்தார். கீழே நின்றது, நடுவே நின்றது. மேல் ஷட்ஜம் வந்தது, ரிஷபம் வந்தது, காந்தாரம் வந்தது. பஞ்சமத்தைத் தொட்டபோது குரலில் இருந்த சதையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. தோல் மட்டும் கேட்டது, மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிற மாதிரி. அதற்கு மேலே தைவதத்தில் குரல் திரும்பி வந்துவிட்டது. இறங்கும்போது அதே பஞ்சமத்தில் அதே ஓட்டை.

மூன்று தடவை ஏறி இறங்கினார். பிறகு கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"எப்படிக் கேக்கறது?"

நான் யோசிக்கவில்லை. "கீழ எல்லாம் நல்லா இருக்கு டீச்சரம்மா. மேல பஞ்சமத்துல மட்டும் குரல் நிக்கல. காய்ச்சல்ல விழுந்த உடம்பு, இன்னும் தேறலை போல. அங்க போகாம பாடினா நல்லது."

அவர் திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தார். "எனக்கு நன்னா நிக்கற மாதிரிதான் இருந்தது" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வெளியில எப்படிக் கேக்கறதுன்னு நான் எங்க கண்டேன், நீ சொன்னா சரிதான்" என்றார்.

சாப்பாட்டுக்காக நான் பல ஊர்களில் பல பொய்கள் சொல்லியிருக்கிறேன். அவற்றில் பாதி மறந்துவிட்டது. இது பொய் இல்லை. கேட்டதைத்தான் சொன்னேன். ஆனால் இதுதான் மறக்கவில்லை.

நோட்டீஸ் வண்டிக் குரல்

டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பாட்டு சொல்லிக்கொடுத்து வந்தார். வயது நாற்பதுக்குள் இருக்கும். யுத்தம் முடிகிற சமயத்தில் டைபாய்டு வந்து பல மாதம் படுத்துவிட்டார். முடி கொட்டியது, குரல் போனது. முடி சீக்கிரம் வந்துவிட்டது. குரல் இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டது. அதுவரை வீணையை மீட்டித்தான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாராம். பாடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வேறு ஆட்களைக் கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

தியாகராய நகரில் ராமநவமிப் பந்தல் போடுகிற கோதண்டம் நாயுடு மட்டும் ஒரு மாலைக் கச்சேரி கொடுத்தார். அந்தப் பந்தலில் கூம்புக் குழாய் ஸ்பீக்கர் மட்டும்தான் கட்டியிருந்தார்கள். கீழ் ஸ்தாயி ஒன்றும் வரவில்லை. சினிமா நோட்டீஸ் வண்டியில் கத்துகிற மாதிரி இருந்ததாம். பின்வரிசையில் யாரோ, "ஈயம் பூசுறவன் கூவுறாப்பல கீதுபா" என்று சொல்ல, அந்த வரிசையே சிரித்து எழுந்து போனது.

மறு வருஷம் நாயுடு மறுபடியும் ஒரு மாலைக் கச்சேரி கொடுத்தார். கூடவே ஒரு வார்த்தையும் சொன்னார். "இந்தத் தடவையும் ஜனம் எழுந்து போச்சுன்னா, அப்புறம் நான் கமிட்டியில வாய் திறக்க முடியாதும்மா."

நான் அப்போது நாயுடுவின் ஆம்பிளிஃபயரைப் பார்த்துக்கொள்கிற ஆள். டீச்சர் என்னைத் தேடி வந்து கேட்டார். "குழாயில மேல் சத்தம்தானே வரது. என் குரலுக்குக் கீழேயும் ஒரு பாதி இருக்கே, அதுக்கு ஏதாவது வழி பண்ண முடியுமோ?"

முடியும் என்றேன். எதைக் கேட்டாலும் முடியும் என்று சொல்வதுதான் அந்த நாளில் என் பிழைப்பு.

கூடாரத்தில் கற்றது

முழுப் பொய்யும் இல்லை. அதற்குச் சில வருஷம் முன்னால் நெல்லூர்ப் பக்கம் ஒரு டூரிங் சினிமாக் கூடாரத்தில் எட்டு மாதம் இருந்தேன். டிக்கெட் கிழிப்பேன், மணல் கொட்டுவேன், ஆட்டம் முடிந்தால் திரைக்குப் பின்னால் படுத்துக்கொள்வேன். அங்கே இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. கீழே அலமாரி மாதிரி ஒரு மரப்பெட்டி, அதன்மேல் ஒரு கூம்புக் குழாய். பெட்டியின் பக்கம் படுத்தால் கதாநாயகன் நடப்பது வயிற்றில் கேட்கும். குழாயின் பக்கம் படுத்தால் கதாநாயகியின் வளையல் காதுக்குள் கேட்கும்.

அங்கே ஆபரேட்டர் சுப்பையா. குடித்திருந்தால் அடிப்பார், இல்லாவிட்டால் பாடம் சொல்வார். "பெரிய பெட்டிக்கு வேகமா பேச வராது. குழாய்க்கு கனமா பேச வராது. நடுவுல எங்கியாவது வெட்டி, கீழ்ச் சத்தத்தை அதுக்கும் மேல் சத்தத்தை இதுக்கும் அனுப்பணும்" என்பார். அந்த வேலையைச் செய்வது இரண்டு கம்பிச் சுருளும் இரண்டு கண்டென்ஸரும். இன்று கிராஸ்ஓவர் என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். நாங்கள் பிரிப்புப் பெட்டி என்போம்.

கூடாரம் காற்றில் கிழிந்து, முதலாளி ஊரை விட்டுப் போனபோது எனக்குச் சம்பளமாகக் கிடைத்தது ஒரு காகிதம். ஆங்கிலப் புத்தகத்திலிருந்து சுப்பையா கிழித்துக் கொடுத்த பிரிப்புப் பெட்டியின் படம். நான்கு ஊர் அதைக் கொண்டுபோனேன். ஒரு மூலையைக் கரப்பான் தின்றிருந்தது. படம் நன்றாக இருந்தது. படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரியும் இருந்தன.

அந்த இரண்டு வரியை நான் படித்ததில்லை. நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பாரத்தோடு நின்றவன். ஆங்கிலத்தில் கடைப் பலகை படிப்பேன், வாக்கியம் படிக்க மாட்டேன். படம் புரிந்துவிட்டதே, எழுத்து எதற்கு என்று இருந்துவிட்டேன்.

எங்கே வெட்டுவது

எங்களிடம் இருந்தவை இவை. ராணுவம் கழித்து விற்ற டிஸ்போசல் சாமானில் வந்த ஒரு குழாய் யூனிட், கூம்பு இல்லாமல். ஒரு பழைய ரேடியோகிராமிலிருந்து கழற்றிய பன்னிரண்டங்குல ஸ்பீக்கர். சத்தம் எழுப்புகிற அதன் காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்து, நான் வஜ்ரப் பசை தடவி ஒட்டியிருந்தேன்.

கூம்பை பாய் மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செய்தார். மூன்றடிக்கு மேல் நீட்டினால் தூக்க முடியாது என்றார். மூன்றடிக் கூம்பு கனமான சத்தத்தை ஏற்காது, இருமும். ஆகவே ரொம்பக் கீழே வெட்ட முடியாது. ஒட்டுப்போட்ட காகிதமோ மேலே போகப் போக வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசும். ஆகவே ரொம்ப மேலேயும் வெட்ட முடியாது.

"அப்ப ரெண்டுத்துக்கும் நடுவுல வெட்டுபா" என்றார் பாய். "அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறா மாதிரி. சமமா வெட்டினா சண்டை வராது."

நடுவில் என்றால் எங்கே? நாங்கள் யோசித்துத் தேர்ந்தெடுத்தோம் என்று எழுதினால் அது பெருமைக்கு எழுதுவது. டிஸ்போசல் கடையில் காகிதக் கண்டென்ஸர் ஒரே அளவில்தான் கிடைத்தது. அந்த அளவுக்கு ஏற்ற சுருளைச் சுற்றினோம். எரிந்துபோன ஒரு மோட்டாரின் கம்பி. பாய் கட்டையைத் திருப்ப, நான் கம்பியை விட, இருபத்தைந்து சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை டப்பாவில் விழும். ஒரு சுருளுக்கு இருபது கொட்டை. டீக்கடைக்காரர் வந்து பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தப்பிப்போய், இரண்டாவது சுருளை முழுக்கப் பிரித்துத் திரும்பச் சுற்றினோம்.

பெட்டி, தேயிலை வந்த பலகையில் செய்தது. உள்ளே தேங்காய் நார். எல்லாவற்றையும் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று ஒழுங்காக இணைத்தேன். ஒழுங்காக இணைத்ததில் எனக்குக் கர்வம் இருந்தது.

முதலில் பாய்தான் பேசிப் பார்த்தார். "ஹலோ, ஹலோ, ஈயம் பூசுறது" என்றார். தெருவில் இரண்டு பெண்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சட்டைப்பையில் கடிதம்

மயிலாப்பூரில் பஞ்சமம் நிற்கவில்லை என்று நான் சொன்ன அன்று டீச்சர் எங்களுக்கு மோர் கொடுத்தார். பிறகு உள்ளே போய் ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்தார். "தியாகராய நகர் வழியாத்தானே போறே? இதை நாயுடு கையில குடுத்துடு."

என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "கச்சேரியை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லி எழுதியிருக்கேன். நான் ஆரம்பத்துல ஒரு பிரார்த்தனைப் பாட்டு மட்டும் பாடிட்டு எழுந்துண்டுடறேன். பஞ்சமம் இல்லாம ஒரு கச்சேரி பண்ணி, மறுபடியும் ஜனம் எழுந்து போறதை என்னால பாத்துண்டு உக்காந்திருக்க முடியாதுப்பா."

மாம்பலத்தை நெருங்கும்போது பாய் கேட்டார். "ஏன் நைனா, அந்தம்மா கதவைத் தொறந்து வந்து பேசினாங்களே, அப்ப தொண்டை நல்லாத்தான இருந்துச்சு?"

"பேசுறது வேற, பாடுறது வேற பாய்."

"ஓகோ. நீ சொன்னா சரி."

ஒரே நாளில் இரண்டு பேர் என்னிடம் அதைச் சொன்னார்கள்.

நாயுடுவின் வீடு பூட்டியிருந்தது. திருப்பதிக்குப் போயிருக்கிறார், மூன்று நாளில் வருவார் என்றார்கள் பக்கத்து வீட்டில். கடிதம் என் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது.

துருத்தி ஒட்டிய ஹார்மோனியம்

மறுநாள் பட்டறையில் பாய் ஒரு ஹார்மோனியத்தின் துருத்திக்குத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தார். சைதாப்பேட்டையில் முகாம் போட்டிருந்த ஒரு நாடகக் கம்பெனியின் சாமான். அது தகர வேலை இல்லைதான். ஆனால் காற்று கசிகிற எதுவாக இருந்தாலும் பாயிடம் கொண்டுவருவார்கள்.

நான் வாசலில் ஸ்பீக்கரை வைத்து ஆம்பிளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டீக்கடையிலிருந்து இழுத்த கரண்டு. மைக் உள்ளே பாயின் பக்கத்தில் கிடந்தது; ஊளையிடாத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்திருந்தேன். அவர் துருத்தியைச் சோதிக்க, வலப்பக்கமாக ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே போனார். வாசலில் சத்தம் வரிசையாக ஏறியது. ஏறி ஏறி, ஓரிடத்தில் சதை போய்த் தோல் மட்டும் கேட்டது. அடுத்த கட்டையில் திரும்பி வந்தது.

பாய் அந்தக் கட்டையைத் திரும்ப அழுத்தினார். திரும்பவும் தோல். வாசலுக்குத் தலையை நீட்டினார்.

"இன்னாபா இது, இந்தக் கட்டைக்கும் டைபாய்டா?"

நான் எழுந்து உள்ளே போனேன். டீச்சருக்குச் சுருதி ஐந்து கட்டை. அதிலிருந்து மேல் ஸ்தாயிக்குப் போய்ப் பஞ்சமத்தை எண்ணினேன். பாயின் விரல் அதன்மேல்தான் இருந்தது.

"மைக் இல்லாம அழுத்துங்க பாய்."

மைக்கை மூடிவிட்டு அழுத்தினார். கட்டை கணீரென்று பேசியது.

பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பசைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "அப்ப அந்தம்மா தொண்டையில ஒண்ணும் இல்ல. நம்ம பொட்டியிலதான் கீது."

அந்தக் குரலின் மேல் பஞ்சமத்தில்தான் நாங்கள் பாகம் பிரித்திருந்தோம்.

மரத்தடி ஆங்கிலம்

காகிதத்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டுப் பக்கம் போனேன். அங்கே மரத்தடியில் மனு எழுதுகிறவர் ஒருவர், டைப் மெஷினோடு உட்கார்ந்திருப்பார். அவரிடம் அந்த இரண்டு வரியைக் காட்டினேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். "ரெண்டு ஸ்பீக்கரையும் ஒரே மாதிரி இணைக்காதே. ஏதாவது ஒண்ணோட கம்பியை இடம் மாத்திப் போடு. இல்லேன்னா வெட்டற இடத்துல ஒண்ணோட சத்தத்தை இன்னொண்ணு அடிச்சுடும். அவ்வளவுதான். என்ன, சொத்து வழக்கா?"

"அந்த மாதிரிதாங்க."

விஷயம் இதுதான். வெட்டுகிற இடத்தில் மட்டும் இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து பாடுகின்றன. பிரிப்புப் பெட்டி தன் வேலையைச் செய்யும்போதே அங்கே ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிவிடுகிறது. பெரியது காற்றைத் தள்ளும்போது குழாய் காற்றை இழுக்கிறது. ஒரு கதவை ஆளுக்கொரு பக்கம் நின்று தள்ளினால் கதவு நகராது. அப்படிச் சத்தம் செத்துப்போகிறது. என் ஒழுங்கான சிவப்புக்குச் சிவப்புதான் அதைக் கொன்றது.

குழாயின் இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டேன். திருப்புளி கூட வேண்டியிருக்கவில்லை, நகத்தாலேயே திருகினேன். பாய் கட்டையை அழுத்தினார். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதே சந்து, அதே முற்றம்

அன்று மாலையே மயிலாப்பூருக்கு நடந்தேன். பேசாமல் இருந்துவிடலாமா என்று வழியில் ஓர் எண்ணம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். கடிதம் இன்னும் கொடுக்கவில்லை. "நேத்தைக்கு இன்னிக்கி குரல் தேறிடுச்சு டீச்சரம்மா" என்று சொன்னால் முடிந்தது. கேட்க ஆள் கிடையாது. பாயும் சொல்ல மாட்டார். அடையாறு பக்கத்திலிருந்து கட்டை வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவை போகட்டும் என்று ஓரமாக நின்ற நேரத்தில் அந்த எண்ணம் போய்விட்டது. எனக்கு நல்ல புத்தி வந்தது என்று சொல்ல மாட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, நீ சொன்னா சரிதான் என்றது ஞாபகம் வந்தது.

டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கால் அலம்பிக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன்.

"நாயுடு இல்லையா?"

"இல்லீங்க. இருந்தாலும் இதைக் குடுக்கக் கூடாதுங்க. குறை உங்க குரல்ல இல்லை, என் ஸ்பீக்கர்ல. எழுதியிருந்ததைப் படிக்காம கம்பியை மாட்டிட்டேன்."

ஹார்மோனியத்தையும் இரண்டு வரியையும் சொன்னேன். அவர் செம்பைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல நான் வாயைத் திறக்கலை, தெரியுமோ? வீணையை வெச்சுண்டு உக்காந்தேன். என்ன டீச்சர், மறுபடி உடம்பான்னு ஒரு பொண்ணு கேட்டுது."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"கம்பியைத் தப்பா மாட்டினதுக்குச் சொல்லலை. அது யாருக்கும் வரும். உடம்பு தேறலைன்னு எப்படிச் சொன்னே? நாடி பாத்தியா?"

"இல்லீங்க."

"பெட்டியில குறை இருக்கும்னு ஒரு நிமிஷம் தோணலையா?"

"தோணலைங்க. அதை நான் செஞ்சதுனால."

அதைக் கேட்டு அவர் செம்பை வைத்தார். சிரிக்கவில்லை, ஆனால் முகம் மாறியது. உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. பின்கட்டிலிருந்து சுருதி கேட்டது. மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. நேரே மேல் பஞ்சமத்துக்குப் போய் நின்றார். அடுத்த வீட்டில் அம்மி அரைக்கிற சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் இறங்கினார்.

கடிதம் என் கையிலேயே இருந்தது. "அதை என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

"ஏதாவது பண்ணு. நாயுடு கைக்குப் போகப்படாது, அவ்வளவுதான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பந்தலில்

ராமநவமிப் பந்தலில் பானகமும் சாணி மெழுகிய தரையும் சேர்ந்து மணத்தன. ஸ்பீக்கரை மேடைக்கு இடப்பக்கம் முக்காலிமேல் ஏற்றியிருந்தோம். அதிர்வில் பெரிய ஸ்பீக்கரின் விளிம்பு ஓரிடத்தில் படபடத்தது. இடுக்கில் வைக்க ஒன்றும் அகப்படவில்லை. சட்டைப்பையில் இருந்த கடிதத்தை எட்டாக மடித்துச் செருகி மறையை இறுக்கினேன். படபடப்பு நின்றது.

நாயுடு முதல் வரிசையில் உட்காரவில்லை. பின்வரிசைக்கும் பின்னால், ஜனம் எழுந்து போகிற வழியில் நின்றுகொண்டார். அவர் எதற்கு அங்கே நிற்கிறார் என்பது டீச்சருக்கும் தெரிந்திருக்கும்.

முதல் அரை மணியில் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட்டார். பிறகு மோகனம். நான் ஆம்பிளிஃபயரின் திருகைத் தொடாமல், அதன் பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாய் பானகத்தை முழுங்காமல் வாயில் வைத்திருந்தார்.

மேல் காந்தாரத்தில் டீச்சர் நின்றார். வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர், அப்போது கண்ணைத் திறந்து சபையைப் பார்க்காமல் ஸ்பீக்கரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பஞ்சமத்துக்கு ஏறினார்.

குரல் முழுதாக வந்தது. எது மரப்பெட்டி, எது தகரம் என்று செய்த எனக்கே தெரியவில்லை. அவர் இறங்கவில்லை. வயலின்காரர் வில்லைத் திருப்பிவிட்டு மறுபடியும் திருப்பினார். டீச்சர் தேவைக்கு மேல் ஒரு மடங்கு நின்றார். பின்னால் நாயுடு சுற்றிப் பார்த்துவிட்டு, காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

கச்சேரி முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது டீச்சர் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். ஸ்பீக்கரின் பலகைமேல், ஜுரம் பார்ப்பது போலப் புறங்கையை வைத்தார்.

"பெட்டிக்கு உடம்பு தேவலையா?" என்று பாயைக் கேட்டார்.

பாய் வாயில் இருந்த சுண்டலை முழுங்கினார். "தேவலைமா. ரெண்டு நாளா கஞ்சிதான் குடுத்துக்கினு கீறோம்."